காணாமல் போகாத லைப்ரரி

எழுதியவரின் கணினியில் துள்ளி ஓடிய ஜாவா நிரல், ஜார் கோப்பாகக் கட்டப்பட்டு வாடிக்கையாளரின் கணினிக்குப் போனதும் படுத்துவிடுகிறது. திரையில் ‘நோ கிளாஸ் டெஃப் ஃபவுண்ட் எரர்’ என்று ஒரு வரி. அதன் கீழே வாலாக நீளும் இன்னும் பல வரிகள். அந்த வாலைப் பார்த்து மிரண்டு, லைப்ரரியை மறுபடி தரவிறக்கக் கிளம்பிவிடுகிறவர்கள் உண்டு. லைப்ரரி பல நேரம் பக்கத்து ஃபோல்டரிலேயே இருக்கும். ஜாவா அங்கே தேடியிருக்காது, அவ்வளவுதான்.

ஜார் என்பது ஒரு ஜிப் கோப்பு. பெயரின் கடைசியில் ‘ஜிப்’ என்று மாற்றிவிட்டால் சாதாரணமாகத் திறந்துகொள்ளும். அது தொடங்கும் ‘பிகே’ என்ற இரண்டு எழுத்துகள்கூட ஜிப்பை உருவாக்கிய ஃபில் காட்ஸின் பெயர்ச் சுருக்கம்தான். உள்ளே ‘மெட்டா-இன்ஃப்’ ஃபோல்டரில் மேனிஃபெஸ்ட் என்று ஒரு சின்ன உரைக்கோப்பு. எந்த கிளாஸில் தொடங்குவது, துணைக்கு எந்தெந்த ஜார்கள் வேண்டும் என்பதெல்லாம் அதில் எழுதியிருக்கும்.

‘ஜாவா -ஜார்’ என்று ஓட்டினால் இந்தச் சீட்டில் உள்ளதுதான் சட்டம். கட்டளையில் ‘-சிபி’ போட்டு எத்தனை பாதைகள் கொடுத்தாலும், ‘கிளாஸ்பாத்’ சூழல் மாறியை நிரப்பி வைத்தாலும் ஜாவா கண்டுகொள்ளாது. ஆவணத்தில் இது தெளிவாகவே சொல்லப்பட்டிருக்கிறது. ஆனாலும் ஓடும்போது ஒரு முனகலாவது முனகியிருக்கலாம்!

மேனிஃபெஸ்ட்டும் லேசுப்பட்டதல்ல. ஒரு வரி 72 பைட்டைத் தாண்டக்கூடாது. தாண்டினால் அடுத்த வரியை ஒரு வெற்றிடத்துடன் தொடங்கித் தொடர வேண்டும். ஜார் பெயர்களைப் பிரிப்பதும் வெற்றிடம்தான். லினக்ஸ் பழக்கத்தில் முக்காற்புள்ளியோ விண்டோஸ் பழக்கத்தில் அரைப்புள்ளியோ வைத்தால் கெட்டது வேலை. பெரிய எழுத்து, சின்ன எழுத்து பேதம் பாராத விண்டோஸில் ஓடிய ஜார், அந்தப் பேதம் பார்க்கும் லினக்ஸ் சர்வரில் நின்றுபோவதும் நடக்கிறது.

சிலர் சாமர்த்தியமாக லைப்ரரி ஜாரைத் தங்கள் ஜாருக்குள்ளேயே திணித்துவிடுவார்கள். ஜாருக்குள் இருக்கும் ஜாரைப் படிக்க ஜாவாவின் வழக்கமான லோடருக்குத் தெரியாது. ஸ்பிரிங் பூட் அப்படித்தானே செய்கிறது என்று கேட்கலாம். அது தனக்கென ஒரு லோடரைக் கையோடு கொண்டுவருகிறது. மற்றவர்களுக்கு மேவனின் ‘ஷேடு’ பிளகின் இருக்கிறது. எல்லா ஜார்களையும் பிரித்து, உள்ளே உள்ள கிளாஸ்களை ஒரே பெட்டியில் கொட்டிக் கட்டிவிடும். ‘ப்ரொவைடட்’ என்று குறிக்கப்பட்ட லைப்ரரி மட்டும் அதில் ஏறாது.

ஜாரில் கை வைக்காமலேயே நிரல் விழுந்ததும் உண்டு. எக்ஸ்எம்எல் கையாளும் ஜாக்ஸ்-பி, ஜாவா 6 முதல் கூடவே வந்துகொண்டிருந்தது. 2018 செப்டம்பரில் வெளியான ஜாவா 11 அதை நீக்கிவிட்டது. ஜாவா 8-இல் நிம்மதியாக ஓடிய பழைய நிரல்கள், புதிய பதிப்பைப் போட்ட அன்றே விழுந்தன. ஜாக்ஸ்-பியைத் தனி லைப்ரரியாகச் சேர்த்துக் கட்டிய பிறகே எழுந்தன.

பிழைச் செய்தியில் ‘குட் நாட் இனிஷியலைஸ் கிளாஸ்’ என்று இருந்தால் மட்டும் ஜாரைத் தேடி அலைய வேண்டாம். கிளாஸ் இருக்கிறது, தொடங்கும்போதே இடறிவிட்டது. லாகில் மேலே போய், முதலில் விழுந்த பிழையைப் படியுங்கள்.