அந்தமானுக்கு எத்தனை கிலோமீட்டர்?

அந்தமானிலிருந்து நம் பல்கலைக்கழகத்திற்குப் படிக்க வரும் தமிழ் நண்பர்கள் கப்பலேறினால் ஏறத்தாழ மூன்று நாள். வானூர்தி ஏறினால் இரண்டேகால் மணி. போர்ட் பிளேர் (2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பெற்றது) சென்னையிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டால் மட்டும் இரு விடைகள் வருகின்றன. வழிகாட்டி நூல்கள் பலவும் 1190 என்கின்றன. வானூர்திக் கணக்கோ 1370 என்கிறது. இடையில் உள்ள 180 கிலோமீட்டர், சென்னையிலிருந்து விழுப்புரத்தைத் தாண்டிவிடும்!

எது மெய்? நிலப்படமும் பென்சிலும் போதும். சென்னை நிலையம் வடக்கே 13 பாகை, கிழக்கே 80.2. போர்ட் பிளேர் வடக்கே 11.6, கிழக்கே 92.7. கிழக்கு மேற்கில் வேறுபாடு 12.5 பாகை. நம் அட்சத்தில் ஒரு பாகை சுமார் 109 கிலோமீட்டர், ஆக 1362. வடக்கு தெற்கில் 1.4 பாகை, பாகைக்கு 111 வீதம் 155. பள்ளியில் படித்த பிதாகரஸ் தேற்றத்தைப் போட்டுப் பாருங்கள்: 1371 வருகிறது. பூமி உருண்டையாயிற்றே என்பீர்கள். இந்தத் தொலைவில் அதனால் வரும் பிழை மிகச் சிறிது.

அப்படியானால் 1190 எங்கிருந்து வந்தது? பழைய ஆங்கில நூல்கள் இத்தொலைவை 740 மைல் என்று குறிக்கும். தரை மைல் 1.609 கிலோமீட்டர், கடல் மைல் 1.852. 740ஐ முன்னதால் பெருக்கினால் 1190. பின்னதால் பெருக்கினால் 1370! மாலுமி சொன்ன மைலை யாரோ ஓர் எழுத்தர் தரை மைலாக்கிவிட்டார் என்பதே என் துணிபு.

இனி நேரம். மணிக்கு 800 கிலோமீட்டர் செல்லும் ஜெட் விமானம் 1370ஐக் கடக்க ஒரு மணி 43 நிமிடம் போதும். கால அட்டவணையில் இரண்டேகால் மணி இருப்பது ஏன்? ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வது, மேலேறுவது, வேகம் குறைத்து இறங்குவது எல்லாம் அதில் அடக்கம். காற்றும் உண்டு. தென்மேற்குப் பருவத்தில் தரையில் மேல்காற்று அடித்தாலும், மேல்வானில் கிழக்கிலிருந்து கடுங்காற்று வீசும். 1958இல் இதனை விளக்கி எழுதியவர் நம் நாட்டு வானிலை அறிஞர் கோடீசுவரம். எதிர்க்காற்று மணிக்கு 50 கிலோமீட்டர் என்றால் போகும்போது ஏழு நிமிடம் கூடும். வரும்போது ஏறக்குறைய அவ்வளவே குறையும்.

மைல் குழப்பத்தைச் சிறிதென எண்ணற்க. 1983இல் கனடாவில் ஒரு பெரிய விமானம் கிலோகிராமுக்குப் பதில் பவுண்டில் எரிபொருளைக் கணக்கிட்டதால் நடுவானில் எஞ்சின்கள் நின்று, கிம்லி என்னும் ஊரில் பழைய ஓடுபாதையொன்றில் சறுக்கி இறங்கிற்று. அனைவரும் பிழைத்தது பெரும்பேறு. அந்தமான் வழியிலோ கீழே கடல்தான். தீவில் மழைமூட்டத்தால் இறங்க இயலாவிடில் சென்னைக்கோ கொல்கத்தாவுக்கோ திரும்ப நேரும். ஆகவே போக மட்டுமன்று, திரும்பவும் எரிபொருள் வேண்டும். 1190ஐ நம்பிப் புறப்பட்டால் இரு வழிக்கும் சேர்த்து 360 கிலோமீட்டர் குறையும். நல்லவேளையாக, விமானிகள் இன்றும் கடல் மைலிலேயே கணக்கிடுகிறார்கள்.