சுண்டெலியின் சூல்வித்தகம் உணர்த்தும் உண்மை

முலையூட்டிகளின் முளையம் கருப்பையில் வளர்வதற்குத் தாயின் குருதியிலிருந்து உணவும் ஒட்சிசனும் பெறல் வேண்டும். அவற்றைப் பெற்றுக் கொடுத்துக் கழிவுகளை அகற்றும் உறுப்பே சூல்வித்தகம். பேச்சு வழக்கில் நச்சுக்கொடி என்பதும் இதுவே. இதனைத் தாயின் உறுப்பென்றே பலர் எண்ணுவர். உண்மையில் இதன் பெரும்பகுதி கருக்கட்டிய முட்டையிலிருந்து தோன்றுவதாகும். ஆதலால் தந்தையின் பரம்பரையலகுகளுக்கும் இதன்கண் பங்குண்டு. அப்பங்கு யாதென்பதை ஆய்வுகூடச் சுண்டெலிகளிற் காணப்பட்ட பிறழ்வான வளர்ச்சியே புலப்படுத்திற்று.

கருக்கட்டிய முட்டையினுள் தந்தைவழிக் கருவும் தாய்வழிக் கருவும் சிறிது நேரம் தனித்தனியே நிற்கும். 1984 ஆம் ஆண்டிற் கேம்பிறிட்சிற் சுரானி குழுவினரும், பிலதெல்பியாவில் மக்கிறாத்து, சொல்ற்றர் என்போரும், அவற்றுள் ஒன்றை நீக்கி, எஞ்சியதன் வழியைச் சேர்ந்த பிறிதொரு கருவை வைத்தனர். நிறமூர்த்தங்களின் எண்ணிக்கை குறையவில்லை. ஆயினும் ஒரு குட்டியேனும் பிறந்திலது. தாய்வழிக் கருக்கள் இரண்டைப் பெற்றவற்றில் முளையம் ஓரளவு வளர, சூல்வித்தகத்துக்குரிய இழையங்கள் மெலிந்தன. தந்தைவழிக் கருக்கள் இரண்டைப் பெற்றவற்றிலோ அவ்விழையங்கள் தழைக்க, முளையம் குன்றிற்று.

இதன் காரணம் யாது? சில பரம்பரையலகுகள் தந்தையிடமிருந்து வந்தால் மட்டுமே தொழிற்படும்; வேறு சில தாயிடமிருந்து வந்தால் மட்டுமே தொழிற்படும். முட்டையும் விந்தும் உருவாகும் காலத்தில் டி.என்.ஏ. மீது மீதைற் கூட்டங்களால் இடப்படும் அடையாளமே இவ்வேறுபாட்டை விளைவிக்கின்றது. இன்சுலினை ஒத்த வளர்ச்சிக் காரணியொன்றை ஆக்கும் தந்தைவழி அலகு பழுதுற்றால், குட்டி இயல்பான நிறையில் ஏறத்தாழ 60 வீதத்துடனேயே பிறக்கும். மாறாக, வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் தாய்வழி அலகொன்றை நீக்கினாற் சூல்வித்தகம் பருக்கும்.

பருத்தல் நலத்தின் அறிகுறியன்று. ஹவாயில் 1997 முதல் உடற்கலத்தின் கருவைக்கொண்டு படியெடுக்கப்பட்ட சுண்டெலிகளின் சூல்வித்தகங்கள் இயல்பிலும் இரண்டு மூன்று மடங்கு பெருத்திருந்தன. குட்டிகளோ அவ்வாறு பெருக்கவில்லை. ஓமோன் சுரக்கும் பஞ்சுபோன்ற படை மிகையாகப் பெருகிப் பரிமாற்றம் நிகழும் படையினுள்ளும் புகுந்திருந்தது.

மனிதருக்கும் இது புறம்பான செய்தியன்று. சில கர்ப்பங்களில் முளையம் தோன்றாது, சூல்வித்தக இழையம் மட்டும் திராட்சைக் குலைபோற் பெருகும். இவற்றின் நிறமூர்த்தங்கள் யாவும் தந்தைவழியின என்பது 1977 இல் அறியப்பட்டது. இவ்விழையம் சிலவேளை புற்றுநோயாக மாறுமாதலின், அகற்றிய பின்னரும் மருத்துவக் கண்காணிப்பு இன்றியமையாதது.

2004 இல் யப்பானிய ஆய்வாளர், ஒரு முட்டையின் அடையாளத்தைத் தந்தைவழிக்கு ஒப்ப மாற்றித் தாயர் இருவரைக் கொண்டே சுண்டெலியொன்றைப் பிறப்பித்தனர். பலநூறு முட்டைகளுள் ஒன்றே வளர்ந்து முதிர்ந்தது. தூண்டுவது ஒரு வழி, அடக்குவது மறுவழி. இரண்டும் ஒத்து நின்றாலன்றி உயிர் உருப்பெறாது என்பதே இச்சிற்றுயிர் நமக்கு உணர்த்தும் உண்மையாகும்.