நாரி நோவும் நரம்பின் சாட்சியும்

மருதமுனையில் கைத்தறியில் குந்தியிருப்பவர், சாய்ந்தமருதுக் கரையில் கரைவலை இழுப்பவர், சம்மாந்துறையில் நெல் மூட்டை தூக்குபவர் என்று யாரையும் விட்டுவைக்காதது நாரி நோ. பள்ளிவாசலில் கதிரை போட்டுத் தொழுபவர்களில் முழங்கால் நோக்காரரோடு நாரி நோக்காரரும் இருப்பார்கள். ஒருவருக்கு சுஜூதிலிருந்து எழும்பத்தான் கஷ்டம். இன்னொருவர் நன்றாகக் குனிவார். ஆனால் இரவில் கால் பெருவிரல் வரை கரண்ட் அடித்தது போல இழுக்கும், பாதம் விறைக்கும். வேறொருவருக்குச் சேர்ட் உரசினாலே முதுகு எரியும். மூன்று பேரும் ஒரே பெயரைத்தான் சொல்கிறார்கள். பெரும்பாலும் ஒரே குளிசையோடுதான் வீடு திரும்புகிறார்கள்.

மூன்று மாதத்துக்கு மேல் நோ நீடித்தால் அடுத்த பேச்சு ஸ்கேன். எம்.ஆர்.ஐ. எலும்பையும் வட்டையும் தெளிவாகக் காட்டும்; நோவைக் காட்டாது. நாரி நோவே இல்லாத 3,110 பேரின் படங்களை ஆராய்ந்த பல ஆய்வுகளை 2015இல் ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். இருபது வயதுக்காரரில் 37 வீதத்தினருக்கும், எண்பது வயதுக்காரரில் 96 வீதத்தினருக்கும் முள்ளந்தண்டு வட்டு தேய்ந்திருந்தது. ஆகவே, தேய்ந்த வட்டைக் கண்ட உடனே நோவுக்குக் காரணம் கிடைத்துவிட்டது என்று சொல்லிவிட முடியாது. அதேபோல, படம் சுத்தமாக இருக்கிறது என்பதற்காக நோவால் துடிப்பவரிடம் “உங்களுக்கு ஒண்டுமில்ல” என்று சொல்வது பெரும் அநியாயம்.

படம் சொல்லாததை நரம்பிடமே கேட்கலாம். உணர்வுச் சோதனை என்பது அதுதான். மக்ஸ் வொன் ஃபிரே என்ற உடற்றொழிலியலாளர் 1896இல் வெவ்வேறு தடிப்புள்ள மயிர்களால் தோலைத் தொட்டு, எந்த அழுத்தத்தில் உணர்வு தொடங்குகிறது என்று அளந்தார். மயிரின் இடத்துக்குப் பின்னாளில் நைலோன் இழை வந்தது.

அந்த இழையின் கதையில் தமிழ் மண்ணுக்கும் பங்குண்டு. கொல்லிமலையில் பிறந்த சத்திரசிகிச்சை நிபுணர் போல் பிராண்ட், 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, தொழுநோயாளரோடு வேலை செய்தார். அவர்களின் விரல்கள் நோயால் தானாக அழுகி விழுவதில்லை, நோ தெரியாததால் காயப்பட்டுக் காயப்பட்டே அழிகின்றன என்று அவர் காட்டினார். 1966இல் அவர் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் வைத்தியசாலைக்குப் போனார். நீரிழிவுக்காரரின் பாதத்தை இன்று தொட்டுப் பார்க்கும் 10 கிராம் இழைக்கு ஆதாரமான ஆய்வு அங்கிருந்துதான் 1986இல் வந்தது. மட்டக்களப்புக் களப்பின் மாந்தீவில் தொழுநோய் வைத்தியசாலை இருந்ததைக் கிழக்கில் அறியாதவர் குறைவு. தோலின் உணர்வைத் தொட்டுச் சோதிப்பது இந்தக் கரைக்குப் புதிதல்ல.

நோவைப் பற்றி ஆராய்பவர்கள் இன்று இன்னும் விரிவாக அளக்கிறார்கள். ஜெர்மன் ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்ட முறையில் ஏழு சோதனைகளும் பதின்மூன்று அளவுகளும் உண்டு. தோலில் வைக்கும் தகடு 32 பாகை செல்சியஸில் தொடங்கி மெதுவாகச் சூடேறும் அல்லது குளிரும். எப்போது சூடு தெரிகிறது, எப்போது அது நோவாகிறது என்று நோயாளியே சொல்வார். அதிர்வுக் கவை, மழுங்கிய ஊசி, தசையை அழுத்தும் கருவி எல்லாம் உண்டு. இவற்றில் நாரி நோவுக்கு முக்கியமான ஒன்று ஊசிச் சோதனை. முதலில் ஒரு குத்து. பிறகு அதே விசையில் செக்கனுக்கு ஒன்றாகப் பத்துக் குத்து. கடைசியில் நோ சற்றுக் கூடுவது பெரும்பாலானோருக்கு இயல்பு. சிலருக்கோ அது தாங்க முடியாமல் ஏறும். முண்ணாணிலுள்ள நரம்புக் கலங்கள் சிறிய தூண்டலுக்கும் பெரிதாகப் பதில் சொல்லத் தொடங்கிவிட்டதற்கான அடையாளம் அது. இப்படி நடக்கும் என்பதை கிளிஃபர்ட் வூல்ஃப் 1983இல் விலங்குகளில் காட்டினார்.

2004இல் வந்த அமெரிக்க ஆய்வொன்றில், நீண்டகால நாரி நோ உள்ளவர்களின் பெருவிரல் நகத்தை அழுத்தினார்கள். நோ நாரியில், அழுத்தியதோ கையில். அப்படியிருந்தும் அதே அழுத்தம் அவர்களுக்கு மற்றவர்களைவிடக் கூடுதலாக நொந்தது. மூளைப் படத்திலும் கூடுதலான பகுதிகள் விழித்தெழுந்தன. அந்த நோ கற்பனையல்ல, நடிப்புமல்ல. போரையும் 2004 சுனாமியையும் கண்ட இந்தக் கரையில் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. நீண்ட மனக்காயமும் தூக்கமின்மையும் இத்தகைய நோவோடு தொடர்புடையவை என்பதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

இதற்கு நேர்மாறானது நரம்பு வேர் நசுங்கி வரும் நோ. அங்கே உணர்வு கூடுவதற்குப் பதிலாகக் குறையலாம். கால் பெருவிரலும் பாதத்தின் மேற்புறமும் விறைத்தால் ஐந்தாம் நாரி நரம்பிலும், சின்னவிரலும் பாதத்தின் வெளிவிளிம்பும் விறைத்தால் அதற்குக் கீழே உள்ள நரம்பிலும் சந்தேகம் விழும். ஜெர்மனியில் ஏறக்குறைய 8,000 நாரி நோக்காரரிடம் கேள்விக்கொத்து வைத்துப் பார்த்தபோது, 37 வீதத்தினரின் நோ பெரிதும் நரம்பு சார்ந்ததாகத் தெரிந்தது.

சூடேறும் தகடு எல்லா ஊருக்கும் வராது. பஞ்சு, பல்குத்தும் குச்சி, குளிர்ந்த கரண்டி, அதிர்வுக் கவை ஆகியவற்றை வைத்துக்கொண்டே ஒரு வைத்தியர் இரு கால்களையும் ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம். அதற்குச் சில நிமிடம் போதும். நெரிசல் மிகுந்த கிளினிக்கிலும் அந்தச் சில நிமிடத்தை நோயாளிக்குக் கொடுத்தாக வேண்டும்.

சோதனையின் எல்லையையும் சொல்ல வேண்டும். அளவில் தெரியும் உணர்கூர்மையும் நோயாளி சொல்லும் நோவின் கடுமையும் எப்போதும் பொருந்துவதில்லை. நரம்பு நோ என்று தெரிந்த பிறகும் மருந்து கைகொடுக்கும் என்ற உறுதியில்லை: காலுக்கு இறங்கும் நோவுக்கு பிரிகபலின் கொடுத்துப் பார்த்த 2017ஆம் ஆண்டின் அவுஸ்திரேலிய ஆய்வில், அது வெறும் மாத்திரையைவிட நன்மை தரவில்லை, தலைச்சுற்றுத்தான் கூடியது. உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டி, உடற்பயிற்சியையும் நோவைப் பற்றிய விளக்கத்தையும் மனநலச் சிகிச்சையையும் முன்வைக்கிறது. இங்கு பலரும் வாங்கிக் கட்டும் இடுப்புப் பட்டியை அது பரிந்துரைக்கவில்லை.

நாரி நோவோடு கிளினிக்குக்குப் போகிறவர் “நோகுது” என்பதோடு நிறுத்தாமல் எரிவா, விறைப்பா, குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூடுகிறதா, எந்த விரல் வரை இறங்குகிறது என்று சொன்னால் வைத்தியருக்குப் பாதி வேலை முடிந்துவிடும். தொடைகளின் உட்புறமும் மலவாயைச் சுற்றிய தோலும் திடீரென விறைத்தாலோ, சிறுநீர் போவது தெரியாமல் போனாலோ, கிளினிக் நாளுக்குக் காத்திராமல் அன்றிரவே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.