விதைக்காமல் வந்த விருந்தாளி

ஐப்பசி அடைமழை நாலு நாள் கொட்டி ஓய்ந்த பிறகு தேவாரத்துக் கொல்லைப்புறங்களைப் பார்க்க வேண்டும். மேற்கே ஏலமலைச் சரிவில் மேகம் படுத்துக் கிடக்கும். கீழே, கத்தரிக்கும் வெண்டைக்கும் கொத்தி வைத்த பாத்தியில், வீட்டுக்காரி விதை போடாத என்னென்னவோ தலை நீட்டியிருக்கும். ஒன்று தரையோடு படரும், ஒன்று நிமிர்ந்து நிற்கும், இன்னொன்று வேலியைப் பற்றிக்கொண்டு, "ஏறட்டுமா?" என்று கேட்கும்.

அவ்வளவையும் களை என்று பிடுங்கி எறிவதா? அல்லது, பச்சையாய்த்தானே இருக்கிறது என்று சட்டியில் போடுவதா? இரண்டுமே அவசரம். எறிந்ததில் பாதி நல்ல கீரையாக இருக்கலாம். சட்டியில் போட்டதில் ஒரே ஒரு விஷச்செடி கலந்திருந்தாலும் வீடு முழுவதும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதுதான். மாடியில் நாலு தொட்டி வைத்திருக்கும் பட்டணத்துச் சகோதரிகளுக்கும் இதே கதைதான். தொட்டி மண்ணோடும் எருவோடும் எந்த ஊர் விதை வந்து சேர்ந்ததோ, யார் கண்டார்கள்?

யார் கொண்டு வந்தது?

வீட்டுக்கு வந்த விருந்தாளியை, "எப்படி வந்தீர்கள்?" என்று விசாரிக்கிறோம் அல்லவா? செடியையும் அப்படியே விசாரிக்கலாம். வந்த வழி தெரிந்தால் பாதி அடையாளம் தெரிந்த மாதிரி.

பாத்திக்குக் குப்பை எரு போட்டீர்களா? அப்படியானால் முளைத்திருப்பது அடுப்பங்கரைக் கழிவிலிருந்து வந்த தக்காளி, பூசணி, சுரை, பப்பாளி. வேலியோரத்திலோ, மரக்கிளைக்கு அடியிலோ முளைத்ததா? அது பறவையின் உபயம். பழம் தின்ற குருவி எச்சத்தோடு போட்டுவிட்டுப் போன மணத்தக்காளி, சுண்டை, கோவை, காந்தாரி மிளகாய் இவற்றில் ஒன்றாக இருக்கலாம். எருவும் போடாமல் பறவையும் உட்காராமல் பாத்தி நடுவிலே கூட்டமாக வந்தால், மண்ணிலேயே விதை தூங்கிக் கிடந்திருக்கிறது. பருப்புக்கீரை, குப்பைக்கீரை, பண்ணைக்கீரை எல்லாம் இந்த ரகம். மண்ணைக் கொத்தியதும் வெளிச்சமும் ஈரமும் பட்டுக் கண் விழித்துக்கொள்ளும்.

முகம் பார்க்கும் முறை

தரையோடு படரும் பருப்புக்கீரையை எடுத்துக்கொள்வோம். தண்டு சதைப்பற்றோடு செவ்வோடியிருக்கும். இலை சின்னக் கரண்டி போலத் தடித்து வழவழப்பாக இருக்கும். காலை வெயிலில் மஞ்சள் பூ விரியும். தாவர சாஸ்திரத்துக்கு ஒழுங்கு செய்து கொடுத்த சுவீடன் நாட்டு லின்னேயஸ், 1753-ம் ஆண்டு நூலில் இதற்கு 'போர்ச்சுலாக்கா ஒலரேசியா' என்று பெயர் வைத்தார். 'ஒலரேசியா' என்றால் லத்தீனில் கறிக்கு ஆவது என்று பொருள். பெயரிலேயே சமையலைச் சேர்த்துவிட்டார் மனுஷர்!

ஆனால் இதே மாதிரி தரையோடு படரும் வேறு செடிகளும் உண்டு. ஒன்றை ஒடித்துப் பாருங்கள். வெள்ளைப் பால் கசிந்தால் அது பருப்புக்கீரை அல்ல; அம்மான் பச்சரிசி இனமாக இருக்கும். பால் வராமல், எதிர் எதிராக உள்ள இலை ஜோடியில் ஒன்று பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் இருந்து, பூவும் மஞ்சளாக இல்லாமல் இளஞ்சிவப்பாகவோ வெளுப்பாகவோ இருந்தால், அது சாரணை.

மணத்தக்காளியின் முகம் வேறு. சின்ன வெள்ளைப் பூ, நடுவில் மஞ்சள் மூக்கு. ஒரே காம்பு நுனியிலிருந்து கொத்தாகத் தொங்கும் காய். பழுத்தால் கறுப்பு, சில வகையில் சிவப்பு. மேல்நாட்டார் இதைக் கண்டால் மிரளுவார்கள். அவர்கள் நாட்டில் பெல்லடோனா என்ற கொடிய விஷச்செடி கறுப்புப் பழம் பழுக்கும். அதன் பழம் பெரியது, தனித்தனியாக நிற்கும், நம் கொல்லையில் தானாக முளைப்பதும் இல்லை. ஆனாலும் மணத்தக்காளியின் பச்சைக் காயைக் குழந்தைகள் பச்சையாகத் தின்ன விடக் கூடாது. பழுக்காத காயில் சொலானின் என்ற நச்சுப்பொருள் உண்டு.

வேலியில் ஏறும் முடக்கத்தானுக்கு அடையாளம் அதன் காய். மூன்று பக்கமுள்ள காற்றுப் பை போல இருக்கும். உடைத்தால் கறுப்பு விதை, அதன்மேல் வெள்ளையாக ஓர் இதயச் சின்னம். இதைப் பார்த்துவிட்டால் பிறகு சந்தேகமே வராது. தோசை மாவோடு இலையை அரைக்கலாம்.

பாத்தியின் முளைகள் இரண்டு இலைப் பருவத்தில் ஒன்றுபோலவே தெரியும். ஆகையால் பொறுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு செடியை விட்டு வைத்துப் பூவும் காயும் வரட்டும். இலை ஏமாற்றும், பூ அவ்வளவாக ஏமாற்றாது.

பெயரை நம்பிக் கெடாதீர்கள்

"குப்பையிலே முளைக்குமே, அதுதான்" என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்வதை மட்டும் வைத்துக்கொண்டு சமைக்கக் கூடாது. குப்பைக்கீரை என்பது தண்டுக்கீரையின் உறவு, நல்ல கறிக்கீரை. குப்பைமேனி என்பது முற்றிலும் வேறு செடி. சொறி சிரங்குக்கு அரைத்துப் பூசும் மருந்து. ஊருக்கு ஊர் பெயரும் மாறும். இங்கே மணத்தக்காளி, கொங்கு நாட்டிலோ சுக்குட்டிக்கீரை.

பெயர்க் குழப்பத்துக்கு முடிவு கட்டத்தான் பெரியவர்கள் பாடுபட்டிருக்கிறார்கள். காம்பிள் என்ற ஆங்கிலேயர் 1915-ல் சென்னை ராஜதானியின் தாவரங்களைப் பற்றிய பெரு நூலை வெளியிடத் தொடங்கினார். பிற்காலத்தில் திருச்சி தூய வளனார் கல்லூரியைச் சேர்ந்த பாதிரியார் கே. எம். மேத்யூ, தமிழ்நாட்டுச் சமவெளித் தாவரங்களைத் தேடித் தொகுத்தார். கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தென்மண்டல நிலையத்தில், உலர்த்தி ஒட்டிய செடிகள் ஏராளமாகப் பாதுகாக்கப்படுகின்றன. தேனி மாவட்டத்துக்காரர்களுக்குப் பெரியகுளத்திலேயே தோட்டக்கலைக் கல்லூரி இருக்கிறது. கைப்பேசியில் படம் பிடித்தால் பெயர் சொல்லும் வசதியும் வந்துவிட்டது. அது சொல்வதை முதல் அபிப்பிராயமாக வைத்துக்கொள்ளலாமே தவிர, தீர்ப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இளஞ்செடியில் அதுவும் தடுமாறும்.

வேஷம் போட்டு வரும் விஷம்

ஊமத்தையை யாருக்குத் தெரியாது என்கிறீர்களா? முள்காயோடு நிற்கும்போது எல்லோருக்கும் தெரியும். இளங்கன்றாகக் கீரைப் பாத்திக்குள் நிற்கும்போதுதான் ஆபத்து. 2022 டிசம்பரில் ஆஸ்திரேலியாவில் பசலை போன்ற ஓர் இளங்கீரையைக் கடையில் வாங்கித் தின்ற நூற்றுக்கு மேற்பட்டவர்களுக்கு வாய் உலர்ந்தது, பார்வை மங்கியது, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிந்தது. ஆராய்ந்ததில், கீரையோடு ஊமத்தை இனத்துக் களையும் அறுவடையாகியிருந்தது தெரிந்தது. பெரிய பண்ணைக்கே இந்தக் கதி! ஊமத்தை இலையைக் கசக்கினால் குமட்டும் நாற்றம் வரும். கசக்கிப் பார்த்த கையை உடனே கழுவிவிட வேண்டும். கண்ணில் படக் கூடாது.

வேலியில் புளிய இலை போன்ற இலையோடு ஏறும் கொடியில் சிவப்பும் கறுப்புமாகக் குண்டுமணி காய்த்தால், குழந்தைகள் உள்ள வீட்டில் அது வேண்டாம். அழகான அந்த விதையை மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

எருக்குழியில் தானாக முளைத்த சுரையிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. தாய்க்கொடியின் பூவில் கசப்புச் சுரையின் மகரந்தம் சேர்ந்திருந்தால், அந்த விதையில் பிறந்த கொடியின் காய் கசக்கக் கூடும். காய் வழக்கமான சுரைக்காயாகவே இருக்கும். உள்ளே குக்கர்பிட்டசின் என்ற நச்சு. வேக வைத்தாலும் போகாது. கசக்கும் சுரைக்காய்ச் சாற்றைக் குடித்துச் சிலர் இறந்த பிறகு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் அமைத்த நிபுணர் குழு, கசந்தால் குடிக்கவே கூடாது என்று எச்சரித்தது. ஆகவே சுரை, பூசணி, வெள்ளரி எதுவானாலும் துளி நறுக்கி நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்புங்கள். கசந்தால் காயும் வேண்டாம், கொடியும் வேண்டாம். கசப்பது பாகற்காய்க்குத்தான் லட்சணம்!

மலை ஏறுகிறவர்களைக் கேளுங்கள்

தேவாரம், கோம்பை, போடிப் பக்கத்துப் பெண்கள் பலர் விடியுமுன் ஜீப்பில் ஏறி, எல்லை தாண்டி ஏலத் தோட்டங்களுக்குப் போய் மாலையில் திரும்புகிறார்கள். களை எடுத்துப் பழகிய கைக்குத்தான் கீரையும் தெரியும். எதைப் பிடுங்க வேண்டும், எதை மடியில் கட்ட வேண்டும் என்பது பள்ளிக்கூடத்தில் கற்ற பாடம் அன்று. மலையில் வாழும் பளியர்கள் காட்டு வள்ளிக்கிழங்குகளில் எது உணவு என்று கொடியைப் பார்த்தே சொல்லக்கூடியவர்கள். ஒரு பாட்டியிடம் போய், "இது என்ன அப்பத்தா?" என்று செடியை நீட்டிப் பாருங்கள். பெயரோடு, எந்த மாதத்தில் பறிப்பது, எத்தனை தண்ணீரில் அலசுவது, பருப்போடு சேருமா, புளியோடு சேருமா என்று எல்லாம் வந்து விழும். கேட்க ஆள் இல்லாவிட்டால் அந்த வித்தை அவரோடு போய்விடும்.

ஒரு எச்சரிக்கை. ஏலத் தோட்டத்தில் பூச்சிமருந்து அடிக்கடி தெளிக்கப்படுகிறது. அங்கே முளைக்கும் கீரை எவ்வளவு நல்ல ஜாதியானாலும் வீட்டுக்கு வேண்டாம். சாக்கடை ஓரத்துக் கீரைக்கும் அதே விதி.

அடுப்பில் ஏற்றுமுன்

இரண்டு பேராவது, ஒருவர் சொன்னது மற்றவருக்குத் தெரியாமல், ஒரே பெயரைச் சொல்ல வேண்டும். பூவோ காயோ அதற்குப் பொருந்த வேண்டும். முதல் நாள் வேக வைத்துக் கொஞ்சமாகப் பெரியவர்கள் மட்டும் சாப்பிட்டுப் பார்க்கலாம். சிறுநீரகக் கல் உள்ளவர்கள் பருப்புக்கீரை போன்ற புளிப்புக் கீரைகளை டாக்டரைக் கேட்காமல் சேர்க்க வேண்டாம். ஏதாவது கோளாறு என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அந்தச் செடியின் ஒரு கிளையையும் கையோடு கொண்டு போங்கள். வைத்தியருக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை.

பால் கணக்கு நோட்டில் நாலு பக்கத்தை இதற்கென்று ஒதுக்குங்கள். செடியின் ஒரு கிளையைப் பழைய பத்திரிகைத் தாள்களுக்கு நடுவில் அழுத்தி உலர்த்தி ஒட்டி, பெயர், முளைத்த மாதம், சொன்னவர் யார் என்று எழுதி வையுங்கள். அடுத்த ஐப்பசியில் அதே விருந்தாளி மறுபடியும் வந்தால், உங்கள் மகளே அடையாளம் சொல்லிவிடுவாள். மாமியாரும் மருமகளும் சண்டையில்லாமல் சேர்ந்து செய்யக்கூடிய வேலை இதைப் போல வேறு அதிகம் இல்லை!