டர்போசார்ஜரிலிருந்து எண்ணெய் திரும்பும் வழி

எஞ்சினிலிருந்து வெளியேறும் புகையின் ஆற்றலைக் கொண்டே ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதனால் மிகுதியான காற்றை எஞ்சினுக்குள் செலுத்தும் சாதனம் டர்போசார்ஜர் எனப்படும். ஸ்விட்சர்லாந்துப் பொறியியலறிஞர் ஆல்ஃபிரட் பியூகி 1905-ஆம் ஆண்டில் இதற்குக் காப்புரிமை பெற்றார்.

சிறிய டர்போசார்ஜர்களின் தண்டு நிமிடத்திற்கு 1,00,000 சுற்றுக்களுக்கும் மேலாகச் சுழலும். அத்தண்டை எண்ணெய்ப் படலமே தாங்குகிறது. வெப்பத்தையும் அதுவே அகற்றுகிறது. எண்ணெய் பம்பின் அழுத்தத்தால் உள்ளே வருகிறது. ஆனால் பேரிங்குகளின் நுண்ணிய இடைவெளிகளைக் கடந்ததும் அழுத்தத்தை இழந்து, வாயுக்களுடன் கலந்து நுரைத்துவிடுகிறது. அதன்பின் அதனைக் கீழே கொண்டு செல்வது புவியீர்ப்பு ஒன்றே. ஆகவே, திரும்பு குழாய் வரவுக் குழாயினும் பன்மடங்கு அகன்றிருத்தல் வேண்டும்.

குழாயை எவ்வழியே அமைப்பது? டர்போசார்ஜரின் எண்ணெய் வாயில் கூடியவரை நேர் கீழ்நோக்கியிருக்க வேண்டும். அங்கிருந்து குழாய் இடையறாது சரிந்து செல்ல வேண்டும். நடுவில் தாழ்ந்து மீண்டும் உயருமாயின், அப்பள்ளத்தில் எண்ணெய் தேங்கி வழியை அடைக்கும். புகைபோக்கிக் குழாய்க்கு மிக அருகில் சென்றால், வெப்பத்தால் எண்ணெய் கரியாகப் படியும்.

குழாயின் மறுமுனை, எஞ்சினின் எண்ணெய்த் தொட்டியில் எண்ணெய் மட்டத்திற்கு மேலாகவே சேர வேண்டும். மட்டத்திற்குக் கீழே சேர்ந்தால், நுரைத்த எண்ணெய் தங்குதடையின்றி இறங்க இயலாது. சுழலும் கிராங்குத் தண்டு எண்ணெயை வாரியடிக்கும் இடத்தையும் தவிர்த்தல் நலம். டர்போசார்ஜரே எண்ணெய் மட்டத்திற்குக் கீழே பொருத்தப்பட்டிருப்பின், எண்ணெயை உறிஞ்சி மீட்கத் தனிப் பம்பு தேவைப்படும்.

இவ்விதிகளை மீறினால் விளைவது யாது? தண்டின் இருமுனைகளிலும் உள்ள வளையங்கள், தேங்கி நிற்கும் எண்ணெயைத் தடுக்க வல்லன அல்ல. எண்ணெய் ஒருபுறம் புகைவழியிலும், மறுபுறம் காற்றுவழியிலும் கசியும், நீலப்புகை தோன்றும். டீசல் எஞ்சினில் கசிவு மிகுந்தால், எஞ்சின் அவ்வெண்ணெயையே எரிபொருளாகக் கொண்டு கட்டுக்கடங்காமல் ஓடுதலும் கூடும்.

கசிவைக் கண்டதும் டர்போசார்ஜரே பழுதுற்றதென முடிவு செய்தல் பொருந்தாது. குழாய் அடைபட்டிருந்தாலும், எஞ்சினின் உட்புற வாயு வெளியேறும் வழி அடைபட்டு அங்கே அழுத்தம் மிகுந்தாலும் இதே அறிகுறி தோன்றும். காரணம் நீங்காவிடில், புதிய டர்போசார்ஜரும் கசியவே செய்யும். எனவே விலைமிக்க சாதனத்தை மாற்றுமுன், எண்ணெய் திரும்பும் வழியைச் சோதித்தறிதல் அறிவுடைமையாகும்.