பங்குக் கிணறும் விடுமுறைப் புள்ளியும்

வலிகாமத்துத் தோட்டக் காணி உறுதி ஒன்றை விரித்துப் பார்த்தால், நான்கு எல்லைகளும் பரப்புக் கணக்கும் முடிந்த பிறகு இன்னொரு சொத்தும் எழுதப்பட்டிருக்கும்: பக்கத்துக் காணியிலுள்ள கிணற்றில் எட்டில் ஒரு பங்கும், அதற்குரிய வழி வாய்க்கால் உரிமையும். கிணறு நிற்பது வேறொருவரின் நிலத்தில். ஆனாலும் அதில் இவருக்கு எட்டில் ஒன்று உண்டு. கிணற்றடிக்கு நடந்துபோகும் பாதையும், தண்ணீர் இவருடைய பாத்திக்கு ஓடிவரும் வாய்க்காலும் அந்த உரிமைக்குள் அடக்கம்.

கிணற்றில் எட்டில் ஒன்றை எப்படிப் பிரித்தெடுப்பது? கட்டைப் பிரிக்க முடியாது; ஊறும் தண்ணீரையும் பிரிக்க முடியாது. பிரிக்கக்கூடியது நேரம் மட்டுமே. ஆகவே எட்டு நாளைக்கு ஒரு நாள் இவருடைய இறைப்பு முறை. அந்தப் பங்கு இரண்டு பிள்ளைகளுக்குப் போனால் பதினாறில் ஒன்றாகும். ஒருவருக்குக் காலை, மற்றவருக்குப் பின்னேரம். யாழ்ப்பாணக் குடாநாட்டுத் தோட்டக்காரர் தலைமுறை தலைமுறையாக நேரத்தைச் சொத்தாக எழுதி, சீதனமாகக் கொடுத்து, ஈடு வைத்து, விற்று வந்திருக்கிறார்கள்.

இன்று ரொறன்ரோவிலும் லண்டனிலும் சென்னையிலும் குடும்பங்களுக்கு விற்கப்படும் விடுமுறைப் புள்ளித் திட்டங்களும் இதே வேலையைத்தான் செய்கின்றன. ஒரு விடுதி அறையை ஐம்பது குடும்பங்களுக்குத் துண்டு போட முடியாது. அதன் நாட்களைத் துண்டு போடலாம். அப்படியான திட்டத்தில் சேர்வதா வேண்டாமா என்று யோசிப்பவருக்கு நான் முதலில் காட்ட விரும்புவது எங்கள் பங்குக் கிணற்றைத்தான். நேரத்தைப் பங்கிடுவது எப்போது நிலைத்து நிற்கும், எப்போது குலையும் என்ற இரண்டையும் அந்தக் கிணறு கண்டிருக்கிறது.

முறை எப்படிச் சுற்றுகிறது என்பதிலேயே ஒரு அழகான கணிதம் ஒளிந்திருக்கிறது. கிழமைக்கு ஏழு நாள். பங்காளிகள் எட்டுப் பேர். இன்று திங்கட்கிழமை முறை கிடைத்தவருக்கு அடுத்த முறை செவ்வாய், அதற்கடுத்தது புதன். ஏழுக்கும் எட்டுக்கும் ஒன்றைத் தவிரப் பொதுக் காரணி இல்லாததால், 56 நாட்களில் ஒவ்வொரு பங்காளிக்கும் கிழமையின் ஏழு நாட்களும் ஒவ்வொரு தரம் வந்துவிடும். சந்தை நாள், கோயில் நாள், ஓய்வு நாள் எல்லாம் எல்லாருக்கும் சமமாகச் சுழலும். பங்காளிகள் ஏழு பேராக இருந்தால் இது நடக்காது. வெள்ளிக்கிழமைக்காரர் கடைசிவரை வெள்ளிக்கிழமைக்காரர்தான். அரை நாள் முறைகளிலும் இப்படியே. மொத்தம் ஒன்பது அரை நாட்கள் என்றால், காலை முறைக்காரர் அடுத்த சுற்றில் தானாகவே பின்னேர முறைக்கு வருவார். யாரும் உட்கார்ந்து பிரிக்காமல், எண்களே நியாயம் செய்கின்றன.

இதைவிடப் பெரிய நியாயம் கோடையில் தெரியும். குடாநாட்டுக்கு ஆண்டு முழுதும் ஓடும் ஆறு கிடையாது; வழுக்கையாறும் மாரியில் மட்டுமே ஓடும். மழையில் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்து முடிந்துவிடும். ஆடி, ஆவணியில் கிணற்று மட்டம் இறங்க, வெங்காயமும் மிளகாயும் தண்ணீருக்கு ஏங்கும். எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தண்ணீர் தேவைப்படும் அந்தக் காலத்திலும் எட்டில் ஒன்று எட்டில் ஒன்றாகவே இருக்கும். தட்டுப்பாடு எட்டாகப் பிரிந்து எட்டுப் பேர் தலையிலும் விழும். முந்திக்கொண்டவருக்கு முழுக் கிணறு, பிந்தியவருக்கு வெறும் பட்டை என்ற நிலை வராது.

ஆனால் பங்குக் கிணறும் ஒரு காலத்தில் குழம்பியது. அதற்கான காரணத்தைப் பார்க்கக் கிணற்றுக்குக் கீழே போக வேண்டும்.

குடாநாடு மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக் கல்லின் மேல் இருக்கிறது. மழைநீர் கல்லின் வெடிப்புகளையும் பொந்துகளையும் கரைத்து வழியாக்கிக்கொண்டு கீழே இறங்குகிறது. அங்கே அது தங்கியிருப்பது கடல்நீரின் மேல். நன்னீரின் அடர்த்தி 1 என்றால் கடல்நீரினது ஏறத்தாழ 1.025. இந்தச் சிறு வித்தியாசத்தால், கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால் அதைத் தாங்கக் கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் 40 அடி நன்னீர் இருக்கும். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் நெதர்லாந்தின் பாடன் கைபனும், 1901இல் வடகடல் தீவுக் கிணறுகளை ஆராய்ந்த ஜேர்மனியரான ஹெர்ஸ்பேர்க்கும் தனித்தனியே கண்டுபிடித்த கணக்கு இது. நடுவில் தடித்தும் கரையோரம் மெலிந்தும் கிடக்கும் இந்த நன்னீர் வில்லைதான் எங்கள் குடிநீர், தோட்டம், எல்லாம். குடாநாட்டிலுள்ள நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீரும் ஆழத்தில் உப்புத் தண்ணீரும் இருப்பதன் மர்மமும் இதுவே.

அந்த 40 என்ற எண் மறுபக்கமாகவும் வெட்டும். மேல் மட்டம் ஓரடி தாழ்ந்து அப்படியே நின்றால், காலப்போக்கில் அடியிலிருந்து உப்பு 40 அடி ஏறி வரும்.

இனி, மெசின் வருமுன் தண்ணீர் இறைத்த துலாவுக்கு வருவோம். ஆடுகாலில் கிடக்கும் துலாவின் மேல் இருவர் முன்னும் பின்னுமாக நடக்க, கிணற்றடியில் நிற்பவர் பட்டையைத் தாழ்த்திக் கோலி ஊற்ற, வாய்க்கால் முடிவில் இன்னொருவர் மண்வெட்டியோடு நின்று பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாற்றுவார். பட்டை 20 லீற்றர் கொள்ளும், நிமிடத்துக்கு ஐந்து பட்டை வரும் என்று வைத்துக்கொண்டால் மணிக்கு 6,000 லீற்றர். அதற்கு மேல் மனித உடம்பு இடம் கொடாது. ஆகவே இறைப்பு முறையின் ‘ஒரு மணி நேரம்’ உண்மையில் ஒரு தண்ணீர் அளவு. அதை யாரும் எழுதவில்லை. எழுதத் தேவையும் இருக்கவில்லை.

பிறகு மண்ணெண்ணெய் மெசின் வந்தது, மின் மோட்டர் வந்தது. இரண்டு அங்குலக் குழாய் மெசின் மணிக்கு 20,000 லீற்றர் வரை சாதாரணமாக இறைக்கும். உறுதியில் ஒரு எழுத்தும் மாறவில்லை. எட்டில் ஒன்று அப்படியே இருந்தது. முறை நாளும் மாறவில்லை. ஆனால் ஒரு மணி நேரத்துக்கும் அதற்குரிய தண்ணீருக்கும் இருந்த தொடர்பு அறுந்துபோனது. முதல் ஆள் கிணற்றை வற்ற இறைத்துவிட்டுப் போனால் அடுத்தவர் ஊறும்வரை காத்திருக்க வேண்டும். வெளியே தெரியாத கெடுதி இன்னும் பெரிது: எல்லாக் கிணறுகளும் கீழே ஒரே வில்லையில்தான் உறிஞ்சுகின்றன. கிணற்றுக்குள் பங்கு கட்டிய உறுதி, வில்லைக்குப் பங்கு கட்டவில்லை.

பங்குக் கிணற்றைப் புகழும்போது ஒன்றை மறைத்துவிடக் கூடாது. உறுதியில் பெயர் உள்ளவர்களுக்குத்தான் அது நியாயமான ஏற்பாடு. ஒடுக்கப்பட்ட சாதி மக்கள் குடத்தோடு கிணற்றுக்கு வெளியே நின்று, யாராவது அள்ளி ஊற்றும்வரை காத்திருந்த கொடுமை இதே கிணற்றடிகளில் நடந்தது. பங்காளிகளுக்குள் எவ்வளவு நுட்பமான நீதி இருந்தாலும் அது இதற்கு ஈடாகாது.

விடுமுறைத் திட்டங்களும் கிட்டத்தட்ட, துலாவிலிருந்து மெசினுக்குப் போன கிணற்றின் பாதையில்தான் வந்திருக்கின்றன. ஐரோப்பாவில் 1960களில் இந்த வியாபாரம் பிறந்தது. தொடக்கத்தில் பரவலாக விற்றது ‘இந்த விடுதியில், இந்த அறையில், ஆண்டின் இத்தனையாவது கிழமை’ என்ற நிலையான பங்கு. அதாவது ஐம்பத்திரண்டில் ஒன்று. சுவிற்சர்லாந்தில் 1963இல் தொடங்கிய ஹாப்பிமாக் ஆரம்பத்திலேயே புள்ளி வழிக்குப் போனது. அமெரிக்காவில் 1991இல் வந்த டிஸ்னி விடுமுறைக் கழகம் அதைப் பெரிய அளவில் பரப்பியது. இந்தியாவில் 1986இல் ஸ்டெர்லிங்கும் 1996இல் கிளப் மகிந்திராவும் தங்கள் தங்கள் வடிவத்தில் தொடங்கின. புள்ளித் திட்டத்தில் ஆண்டுதோறும் உங்கள் கணக்கில் இத்தனை புள்ளி விழும்; எந்த ஊர், எந்த அறை, எந்த நாள் என்பதைப் பொறுத்து ஓரிரவுக்கு இத்தனை புள்ளி கழியும்.

வசதி என்பதில் ஐயமில்லை. ஆனால் என் பார்வையில், கிணற்றடிக்கு மெசின் வந்த அதே மாற்றம்தான் இங்கேயும் நடந்திருக்கிறது. கையில் இருக்கும் எண் மாறாது. அந்த எண்ணுக்கு எத்தனை இரவு என்பது மாறலாம். 10,000 புள்ளிக்கு இன்று ஏழு இரவு கிடைக்கிறது. பட்டியலைத் திருத்தும் உரிமை நிறுவனத்திடம் இருந்தால் பத்து ஆண்டில் அது ஐந்து இரவாகலாம். ஒப்பந்தத்தில் ஒரு எழுத்தும் மீறப்பட்டிருக்காது. பின்னத்துக்கும் வெறும் எண்ணுக்கும் இடையே இவ்வளவு தூரம். டிஸ்னித் திட்டத்தில் இதற்கு ஒரு கட்டு உண்டு. ஒரு கட்டடத்தின் அறைகளுக்கு ஓர் ஆண்டில் கழியும் மொத்தப் புள்ளியைக் கூட்ட முடியாது. ஒரு பருவத்தில் கூட்டினால் இன்னொரு பருவத்தில் குறைக்க வேண்டும். அந்தக் கட்டு இருந்தால் எண்ணுக்குள்ளே பின்னம் உயிரோடு இருக்கிறது என்று பொருள். உங்களுக்கு நீட்டப்படும் ஒப்பந்தத்தில் முதலில் தேட வேண்டியது அதைத்தான்.

அடுத்தது, எல்லாரும் ஒரே நாளைக் கேட்கும் சிக்கல். நல்லூரில் பத்து அறையுள்ள புள்ளித் திட்ட விடுதி ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 3,650 அறை இரவுகள். ஒரு குடும்பத்துக்கு ஏழு இரவு என்று முழுவதையும் விற்றால் 521 குடும்பங்கள். கந்தசுவாமி கோயில் திருவிழா 25 நாள். அந்த நாட்களில் இருப்பது 250 அறை இரவுகள், அதாவது 35 குடும்பங்களுக்கு இடம். வெளிநாட்டிலிருந்து பிள்ளைகளின் பள்ளி விடுமுறையில் வருபவர்கள் பெரும்பாலும் கேட்பது அந்த நாட்களைத்தான். முறை சுழன்றால் பதினைந்து ஆண்டுக்கு ஒரு தரம் ஒவ்வொரு குடும்பத்துக்கும் திருவிழா கிடைக்கும். புள்ளியில் முறை சுழலாது. பதிவு திறக்கும் நேரத்தில் முந்துபவருக்கே அறை. இங்கே தட்டுப்பாடு பிந்தியவர் தலையில் மட்டும் விழுகிறது.

பணக் கணக்கையும் ஒரு தரம் நேராகப் போட்டுப் பார்க்கலாம். சேர 20,000 டொலர், ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் 1,200 டொலர், காலம் 25 ஆண்டு என்று கொள்வோம். அந்த 20,000ஐ 4 வீத வட்டிக்கு விட்டு, 25 ஆண்டில் முதலும் கரையும்படி ஆண்டுதோறும் எடுத்தால் சுமார் 1,280 டொலர் வரும். ஆகவே முதல் ஆண்டு விடுமுறையின் உண்மையான விலை 2,480 டொலர். பராமரிப்புக் கட்டணம் ஆண்டுக்கு 5 வீதம் ஏறினால், 25ஆம் ஆண்டில் அது மட்டும் 3,870 டொலரைத் தொடும். விடுதி வாடகையும் ஏறும் என்று விற்பவர் சொல்வார், அது சரி. ஆனால் வாடகை கூடிப்போன ஆண்டில் போகாமல் வீட்டில் இருக்கலாம். கட்டணத்தை அப்படி விட முடியாது. ஓர் ஆண்டு போகாமல், புள்ளியும் காலாவதியானால், அடுத்த விடுமுறையின் விலை இரட்டிப்பு.

இவ்வளவு எளிய கணக்கு ஏன் கையெழுத்திடும் மேசையில் நினைவுக்கு வருவதில்லை? டிறேசன் பிரெலெக், ஜோர்ஜ் லோவன்ஸ்டைன் என்ற இரு ஆய்வாளர்கள் 1998இல் வெளியிட்ட கட்டுரையில் இதற்கு ஒரு விடை உண்டு. துணி துவைக்கும் இயந்திரத்துக்கு, அதை வாங்கிய பிறகு தவணை கட்டவே பலர் விரும்பினார்கள். விடுமுறைக்கோ முன்கூட்டியே கட்டிவிட விரும்பினார்கள். கடன் நினைப்பு சந்தோசத்தைக் கெடுக்கும். கட்டி முடித்த விடுமுறை இலவசம் போலத் தோன்றும். புள்ளி இந்த உணர்வை இன்னும் கூட்டுகிறது. கடற்கரை அறைக்குக் காசு கழிவதில்லை, புள்ளிதான் கழிகிறது. இதை யாருடைய ஏமாளித்தனம் என்றும் நான் சொல்லமாட்டேன். மனம் அப்படித்தான் வேலை செய்கிறது. விற்பனை மேசை அதை அறிந்து அமைக்கப்பட்டிருக்கிறது.

வெளியேறும் வாசலையும் பார்க்க வேண்டும். ஒல்லாந்தர் 1707இல் தொகுத்த, யாழ்ப்பாணத்தின் வழமைச் சட்டமான தேசவழமையில், பங்காளி தன் பங்கை விற்க நினைத்தால் மற்றப் பங்காளிகளுக்கு முதலில் அறிவிக்க வேண்டும். 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டம் அந்த முன்வாங்குரிமையைப் பங்காளிகளுக்கும் உரித்தாளர்களுக்கும் என்று வரையறுத்தது. அந்நியர் உள்ளே வராமல் தடுப்பதுதான் அதன் நோக்கம் என்றாலும், விற்பவருக்கும் அதில் ஒரு நன்மை இருந்தது: அந்தத் தண்ணீரின் அருமை தெரிந்த ஏழு பேர் பக்கத்திலேயே இருந்தார்கள். புள்ளிக்கு அப்படியான அயலவர் இல்லை. நிறுவனமே புதுப் புள்ளிகளை விற்றுக்கொண்டிருக்கும்போது, உங்கள் பழைய புள்ளியை வாங்க வருபவர் மிகக் குறைந்த விலையே கேட்பார். சில திட்டங்களில் கைமாறிய புள்ளிக்குச் சலுகைகளும் குறையும். அதே காரணத்தால், சேர்வதென்றே முடிவெடுத்தவர் அப்படியான பழைய புள்ளியை விசாரிப்பது நல்லது. ஒப்பந்தத்துக்கு முடிவு ஆண்டு உண்டா என்பதும் முக்கியம். முடிவு இல்லாவிட்டால், உங்களுக்குப் பிறகு அந்தக் கட்டணம் யார் தலையில் விழும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஆண்டு தவறாமல், நெரிசல் இல்லாத காலத்தில், முன்கூட்டியே திட்டமிட்டுப் போகக்கூடியவர்களுக்கு இது பொருந்தலாம். ஓய்வுபெற்ற தம்பதிகளுக்கு அப்படி வாய்க்கும். பிள்ளைகளின் பள்ளி நாட்காட்டியோடும், ஊரில் திடீரென வரும் கலியாணம், சாவீட்டோடும் கட்டுண்ட குடும்பத்துக்கு நான் வேண்டாம் என்றே சொல்வேன்.

ஏற்கெனவே கையெழுத்து வைத்தாகிவிட்டது என்றாலும் வழி உண்டு. ஒன்ராறியோவில் ஒப்பந்தப் பிரதி கைக்கு வந்து 10 நாளுக்குள் காரணம் சொல்லாமலே விலகலாம்; பிரித்தானியாவில் 14 நாள். அந்த நாட்களுக்குள், ஏற்கெனவே உறுப்பினராக உள்ள ஒருவரைப் பிடித்து, அவருடைய கணக்குக்குள் போய், வரும் ஓகஸ்டில் உங்களுக்கு வேண்டிய ஊரில் ஏழு இரவு கிடைக்கிறதா என்று தேடிப் பாருங்கள். கிடைக்காவிட்டால் விலகல் கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள்.