ஆயிரம் ரூபாய்க் கூலியும் இலங்கையின் வீழ்ச்சியும்

இலங்கையின் 2022 பொருளாதார வீழ்ச்சி என்றதும் எரிபொருள் வரிசைகளும் அதிபர் மாளிகைக்குள் நுழைந்த மக்கள் திரளுமே நம் நினைவுக்கு வருகின்றன. மலையகத் தோட்டத் தொழிலாளரின் நாட்கூலியை முன்வைத்து அவ்வீழ்ச்சியை நாம் இங்கே வாசிக்கிறோம்.

பிரித்தானியர் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுசெல்லப்பட்டவர்களின் வழிவந்தோர் இவர்கள். பெரும்பான்மையினர் ஒடுக்கப்பட்ட சாதியினர். 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இவர்களை நாடற்றவர்களாக்கியது. எஞ்சியோருக்குக் குடியுரிமை கிடைக்க 2003 ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. பெரும்பாலோருக்கு நிலவுரிமை இன்றும் இல்லை.

நீண்ட போராட்டத்துக்குப் பின் 2021 மார்ச்சில் நாட்கூலி 1000 ரூபாயானது. அடுத்த சில வாரங்களில் கோத்தபய ராஜபக்ச அரசு ரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்தது. அவ்வாண்டு சுமார் 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி, மறு ஆண்டில் சுமார் 25 கோடி கிலோவாகச் சரிந்தது. குறித்த எடைக்குக் கொழுந்து பறித்தால்தான் முழுக்கூலி என்பது தோட்ட வழக்கம். ஆகவே, செடி தளிர்க்காத குற்றத்துக்கும் தண்டனை தொழிலாளிக்கே விழுந்தது.

2022 ஏப்ரலில் அரசு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியது. அந்த இளவேனிலில் டாலரின் விலை சுமார் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்வரை ஏறியது. செப்டம்பரில் உணவுப் பொருள்களின் விலை ஓராண்டுக்கு முந்தைய நிலையைவிட 90 விழுக்காட்டுக்கும் மேல் உயர்ந்திருந்தது. கூலியோ 2024 வரை அதே 1000 ரூபாய். எவரும் அதைக் குறைக்கவில்லை. ஆனால் அதைக்கொண்டு வாங்கக்கூடிய உணவு ஏறத்தாழப் பாதியாயிற்று.

2022 ஜூலையில் கோத்தபய நாட்டைவிட்டு வெளியேறினார். ராஜபக்ச சகோதரர்களும் உயர் அதிகாரிகளும் நெருக்கடிக்குப் பொறுப்பாளிகள், அவர்கள் மக்களின் அடிப்படை உரிமையை மீறினர் என்று 2023 நவம்பரில் இலங்கை உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆட்சியாளரின் பொருளாதார முடிவுகளையும் நீதிமன்றம் ஆராயலாம் என நிறுவிய முக்கியத் தீர்ப்பு அது. எனினும் பாதிக்கப்பட்ட மக்களுக்கு இழப்பீடு கிடைக்கவில்லை.

சுமையும் இறங்கவில்லை. 2019 இறுதியில் 8 விழுக்காடாகக் குறைக்கப்பட்ட மதிப்புக் கூட்டு வரி, பன்னாட்டு நிதியத்தின் கடனுக்குப் பின் 2024 ஜனவரியில் 18 விழுக்காடானது. செல்வந்தரும் கொழுந்து பறிப்பவரும் ஒரே விகிதத்தில் செலுத்தும் வரி இது.

ஆட்சி மாற்றம் மட்டுமே இதைச் சீர்செய்யாது. கூலி விலைவாசியோடு சட்டப்படி இணைக்கப்பட வேண்டும். லயன் அறைகளில் வாழ்வோருக்கு வீட்டுக்கும் பயிருக்கும் உரிய நிலம் அவர்கள் பெயரிலேயே வழங்கப்பட வேண்டும். சொந்த நிலமில்லாதவரே நெருக்கடியில் முதலில் பசிக்கிறார். மீட்சி அவரிடம்தான் கடைசியாக வந்து சேர்கிறது.